காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்?

கொழும்பில் ஹாட்வெயார் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு பில்லுடன் என்னைச் சந்திக்க வந்தார். அவருடைய கடையின் கணக்குகள், களஞ்சியக் கையிருப்பு, கடனுக்குச் சாமான் எடுத்தவர்களின் விபரம் எல்லாம் 2018 இல் வாங்கிய ஒரு சேவர் கணனியில் இருந்தன. அது கடையின் பின்னறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2022 இல் நாளொன்றுக்குப் பல மணித்தியாலங்கள் மின்சாரம் தடைப்பட்ட காலத்தில் அந்தக் கணனி இரண்டு தடவைகள் பழுதடைந்தது. அது முதல் "கிளவுட்டுக்கு மாறுங்கள், கரண்ட் போனாலும் கணக்குப் போகாது" என்று பலரும் அவருக்குச் சொல்லி வந்தார்கள். கடைசியில் அவரும் ஒரு முகவர் மூலம் மாறினார்.

முதலாவது மாத பில்லைப் பார்த்தபோது கணனி வாடகைக்குக் கீழே மென்பொருளுக்கென்று வேறொரு தொகை இருந்தது. அது கணனி வாடகையிலும் கூடுதலாக இருந்தது. முகவரை அழைத்துக் கேட்டார். "நானா, நீங்க முந்தி வாங்கின லைசன்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும்தான். இங்க அதப் பாவிக்க ஏலாது" என்று பதில் வந்தது.

நண்பர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "சல்லி கொடுத்து வாங்கின சாமான இடம் மாத்தினா, திரும்பவும் சல்லி கொடுத்து வாங்கணுமா?"

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. இன்று தமது கணக்கு வேலைகளைக் கிளவுட்டுக்கு மாற்ற யோசிக்கும் எமது வர்த்தகர்கள் ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இது.

கிளவுட் என்பது வானத்தில் இருக்கும் ஒன்றல்ல. வேறொருவருடைய கட்டடத்தில் உள்ள கணனியை வாடகைக்கு எடுப்பதையே அவ்வாறு சொல்கிறோம். அமேசன், மைக்ரோசொப்ட், கூகுள் ஆகிய மூன்று கம்பனிகளும் இத்துறையில் உலகின் பெரிய வீட்டுச் சொந்தக்காரர்கள். இம்மூன்றில் எதற்கும் இந்த வகையான கிளவுட் நிலையத் தொகுதி இலங்கையில் இல்லை. எமக்கு மிக அண்மையில் இருப்பவை இந்தியாவில் உள்ள நிலையங்களே. ஆகவே எமது கணக்குப் புத்தகம் கடல் கடந்து போகிறது, வாடகையும் டொலரில் போகிறது. இவ்வளவும் பலருக்குத் தெரிந்த விடயம். அந்தக் கணனிக்குள் ஓடும் மென்பொருளின் சட்டம் வேறு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

விற்பனையா, அனுமதியா?

ஒரு காலத்தில் மென்பொருளுக்குத் தனி விலை இருக்கவில்லை. பெரிய கணனியை வாங்குபவருக்கு அதை இயக்கும் மென்பொருளும் சேர்ந்தே வந்தது. 1969 ஜூன் மாதத்தில்தான் ஐ.பி.எம். கம்பனி மென்பொருளையும் சேவைகளையும் வெவ்வேறாக விலையிடப் போவதாக அறிவித்தது. மென்பொருள் தனியான வியாபாரமாக வளர்வதற்கு அது பெரிதும் வழிவகுத்தது. ஆனால் அந்த வியாபாரத்தில் கைமாறுவது பொருளன்று, அனுமதிப்பத்திரம். நாம் கடைக்குப் போய் அல்லது முகவர் மூலம் மென்பொருள் "வாங்கினோம்" என்று சொன்னாலும், கடதாசியில் எழுதப்பட்டிருப்பது இன்ன நிபந்தனைகளின் கீழ் பாவிக்க அனுமதி பெற்றோம் என்பதே. எத்தனை பேர் பாவிக்கலாம், எத்தனை கணனியில் போடலாம் என்ற நிபந்தனைகளை நாம் ஓரளவு அறிவோம். யாருடைய கணனியில் போடலாம் என்ற நிபந்தனையும் அதற்குள் இருக்கிறது. கிளவுட் வந்த பின்னரே அந்த வரியின் விலை எமக்குத் தெரிய வருகிறது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நீங்கள் கடைக்கு ஒரு தராசு வாங்குகிறீர்கள். சில வருடங்களின் பின் கடையை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறீர்கள். தராசு செய்த கம்பனிக்கும் சொந்தமாக வாடகைக் கட்டடங்கள் உண்டு. அக்கம்பனி உங்களிடம் வந்து, "எங்கள் கட்டடத்துக்கு வந்தால் பழைய தராசையே பாவிக்கலாம், எதிரிலுள்ள கட்டடத்துக்குப் போனால் புதிய தராசு வாங்க வேண்டும்" என்று சொல்கிறது. எந்த வியாபாரியும் இதை நியாயம் என்று ஏற்கமாட்டார். மென்பொருள் விடயத்தில் நடப்பது ஏறத்தாழ இதுதான்.

மைக்ரோசொப்டின் விதி

2019 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் மைக்ரோசொப்ட் தனது விதிகளை மாற்றியது. அதற்கு முன்னர், ஒரு வாடிக்கையாளர் தனக்கென மட்டும் ஒதுக்கப்பட்ட கணனியை வெளியாரிடம் வாடகைக்கு எடுத்தால், தான் ஏற்கனவே வாங்கியிருந்த விண்டோஸ் சேவர் போன்றவற்றின் அனுமதிப்பத்திரத்தை அங்கே பாவிக்க முடிந்தது. புதிய விதியில் ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. அமேசன், கூகுள், அலிபாபா ஆகியவற்றுடன் மைக்ரோசொப்டின் பெயரும் அதில் உண்டு. அத்திகதிக்குப் பின் வாங்கிய சாதாரண அனுமதிப்பத்திரங்களை இப்பட்டியலிலுள்ள கம்பனிகளின் கணனிகளுக்குக் கொண்டுசெல்ல முடியாது என்றாயிற்று.

தன் பெயரையும் சேர்த்துத்தானே போட்டிருக்கிறது, இதில் என்ன பாரபட்சம் என்று கேட்கலாம். வித்தியாசம் அடுத்த வரியில் இருக்கிறது. மென்பொருளுக்கு வருடாந்தம் மேலதிகமாகப் பணம் செலுத்திப் பெறும் "சொப்ட்வெயார் அஷூரன்ஸ்" என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த ஏற்பாடு உள்ளவர் தனது விண்டோஸ் சேவர் அனுமதிப்பத்திரத்தை மைக்ரோசொப்டின் சொந்தக் கிளவுட்டான அசூருக்குக் கொண்டுசென்று, அங்கே விண்டோஸுக்கான கட்டணத்தைத் தவிர்க்கலாம். அதே அனுமதிப்பத்திரத்தை, அதே வருடாந்தப் பணத்தைச் செலுத்திக்கொண்டே, அமேசனின் அல்லது கூகுளின் பொதுக் கணனிகளுக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. அங்கே விண்டோஸை மணித்தியாலக் கணக்கில் மீண்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும். எஸ்.கியூ.எல். சேவர் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு விதி சற்று இளக்கமானது. சொப்ட்வெயார் அஷூரன்ஸ் இருந்தால் அதனை ஏனைய கிளவுட்டுகளுக்கும் எடுத்துச் செல்லலாம். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

எமது சிறு வர்த்தகர்களில் எத்தனை பேர் இவ்வாறு வருடாந்தம் பணம் செலுத்துகிறார்கள்? அநேகமானோர் கணனியோடு சேர்த்து வந்த மென்பொருளைத்தான் வைத்திருக்கிறார்கள். அவ்வாறு கணனியோடு சேர்த்து விற்கப்படும் விண்டோஸ் அனுமதிப்பத்திரம் அந்தக் கணனியோடு கட்டப்பட்டது. கணனி பழுதானால் அதுவும் அதோடு முடிந்தது. கிளவுட்டுக்குப் போகும் பேச்சுக்கே இடமில்லை.

ஒராக்கிளின் கணக்கு

இது ஒரு கம்பனியின் வழக்கம் மாத்திரமன்று. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் பாவிக்கும் ஒராக்கிள் தரவுத்தளத்தைப் பாருங்கள். அதன் உயர்ரகப் பதிப்புக்கு, கணனியின் மூளைப் பகுதியிலுள்ள "கோர்" எண்ணிக்கையை வைத்து அனுமதிப்பத்திரம் கணக்கிடப்படுகிறது. உங்கள் சொந்த அறையில் எட்டுக் கோர் கொண்ட சாதாரண இன்டெல் சேவர் இருந்தால், இரண்டு கோருக்கு ஒன்று என்ற கணக்கில் நான்கு அனுமதிப்பத்திரம் போதும். 2017 ஜனவரியில் ஒராக்கிள் வெளியிட்ட கிளவுட் விதியின்படி, அமேசனிலோ அசூரிலோ அந்தச் சலுகைக் கணக்கு செல்லாது. அதே எட்டுக் கோர் பலத்தை அங்கே எடுத்தால் எட்டு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒராக்கிளின் சொந்தக் கிளவுட்டில் எடுத்தாலோ, மீண்டும் நான்கு போதும்.

இப்பதிப்பின் ஓர் அனுமதிப்பத்திரத்தின் பட்டியல் விலை 47,500 டொலர். நான்கு என்றால் 190,000 டொலர், எட்டு என்றால் 380,000 டொலர். பெரிய வாடிக்கையாளருக்குக் கழிவு கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும் விகிதம் மாறாது. கணனியின் பலம் கூடவில்லை, வேலை கூடவில்லை. கணனி நிற்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் மாறியதால் மட்டும் தேவை இரு மடங்காகிறது.

மறுபக்க நியாயம்

மென்பொருள் கம்பனிகளின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். "பல வருடங்கள் உழைத்து, பெருந்தொகை செலவிட்டு உருவாக்கிய பொருள் இது. இதனை யாருக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பது எமது உரிமை. அமேசனும் கூகுளும் ஏழைகளல்ல. எமது மென்பொருளை வைத்து அவர்கள் இலாபம் பார்ப்பதற்கு நாம் ஏன் சலுகை கொடுக்க வேண்டும்?" என்பதே அதன் சாரம். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தன் சரக்குக்கு விலை சொல்லும் உரிமை எந்த வியாபாரிக்கும் உண்டு.

ஆனால் விலை சொல்வது வேறு, விற்ற பின்னர் வாங்கியவனின் காலைக் கட்டுவது வேறு. இங்கே மேலதிகச் செலவைச் சுமப்பது அமேசனோ கூகுளோ அல்ல, அவர்களிடம் கணனி வாடகைக்கு எடுக்கும் கடைக்காரரும் தொழிற்சாலைக்காரரும்தான். ஒரே ஆள் மென்பொருள் விற்பவராகவும் கட்டடச் சொந்தக்காரராகவும் இருக்கும்போது, ஒன்றில் உள்ள பலத்தை மற்றதில் வாடிக்கையாளர் பிடிக்கப் பாவிப்பது நேர்மையான போட்டியன்று என்பதே எனது கருத்து.

இக்கருத்தைச் சொல்வது நான் மட்டுமல்ல. ஐரோப்பாவின் கிளவுட் கம்பனிகளின் அமைப்பான சிஸ்பே 2022 நவம்பரில் மைக்ரோசொப்டுக்கு எதிராக ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. 2024 ஜூலையில் அது இணக்கப்பாட்டில் முடிந்தது. அமேசன் அவ்வமைப்பின் உறுப்பினராக இருந்தும் அந்த இணக்கப்பாட்டில் சேர்க்கப்படவில்லை. கூகுளும் சேர்க்கப்படவில்லை. 2024 செப்டெம்பரில் கூகுள் தனியாக முறையிட்டது. போட்டிக் கிளவுட்டில் விண்டோஸ் சேவர் பாவிப்போர் மீது 400 வீத மேலதிக விலை சுமத்தப்படுகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. ஐரோப்பிய ஆணைக்குழு 2025 நவம்பரில் அமேசன், மைக்ரோசொப்ட் ஆகிய இரண்டின் கிளவுட் சேவைகளையும் பற்றித் தானே விசாரணை தொடங்கியதும், கூகுள் அதே மாதம் தனது முறைப்பாட்டை வாபஸ் பெற்றது.

பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை நீண்ட விசாரணையின் பின் 2025 ஜூலை 31 ஆம் திகதி தனது இறுதி முடிவை வெளியிட்டது. மைக்ரோசொப்டின் அனுமதிப்பத்திர நடைமுறைகள், கிளவுட் சந்தையில் அமேசனும் கூகுளும் அதனுடன் போட்டியிடுவதைப் பாதிக்கின்றன என்பது அதன் கண்டறிவுகளுள் ஒன்று. மைக்ரோசொப்ட் இதனை ஏற்கவில்லை. எனினும் ஒரு நாட்டின் உத்தியோகபூர்வ அமைப்பு ஆராய்ந்து சொன்ன முடிவு என்ற வகையில் இதற்குப் பெறுமதி உண்டு.

எமது நாட்டில் இதன் தாக்கம்

அங்கெல்லாம் பெரிய கம்பனிகள் பெரிய கம்பனிகளுக்கு எதிராக முறையிடுகின்றன. எமது ஹாட்வெயார் கடைக்காரர் யாரிடம் முறையிடுவது? அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, கையொப்பமிட முன்னர் கேட்பதுதான்.

எமக்கு இன்னொரு பாதிப்பும் உண்டு. 2022 இன் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனது. 2018 இல் ஒரே தடவையாகப் பணம் செலுத்தி மென்பொருள் வாங்கியவருக்கு அந்த உயர்வால் மென்பொருள் செலவு கூடவில்லை. மாதாந்தம் டொலரில் வாடகை செலுத்தியவருக்கோ, எதுவும் புதிதாக வாங்காமலே செலவு முக்கால் பங்கினால் கூடியது. ஏற்கனவே வாங்கிய அனுமதிப்பத்திரத்தைக் கைவிட்டு மாத வாடகைக்கு மாறும் ஒருவர், தான் மென்பொருளை மட்டுமல்ல, ரூபாவின் பெறுமதி பற்றிய ஒரு பாதுகாப்பையும் கைவிடுகிறார் என்பதை உணர வேண்டும்.

பிறருக்காகக் கணக்கு மென்பொருள் நடத்திக் கொடுக்கும் எமது இளைஞர்களின் சிறு கம்பனிகளுக்கும் ஒரு வார்த்தை. சேவை வழங்குனர்களுக்கென மைக்ரோசொப்ட் மாத அடிப்படையில் கொடுக்கும் அனுமதிப்பத்திரத்தை, மேற்சொன்ன பட்டியலிலுள்ள கம்பனிகளின் கணனிகளில் வைத்துப் பாவிக்கும் வழி 2025 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் மூடப்பட்டுவிட்டது. பழைய முறையில் விலை சொல்லி வாடிக்கையாளருடன் நீண்டகால ஒப்பந்தம் செய்தவர்கள் தமது கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பது நல்லது.

இதற்குள் ஒரு நன்மையும் இருக்கிறது. 2022 ஒக்டோபரில் வந்த இன்னொரு மாற்றத்தின்படி, சொப்ட்வெயார் அஷூரன்ஸ் அல்லது சந்தா உள்ளவர்கள், அந்தப் பட்டியலில் இல்லாத கம்பனிகளின் கணனிகளில் தமது அனுமதிப்பத்திரத்தைப் பாவிக்கலாம். இலங்கையிலேயே தரவு நிலையம் நடத்தும் கம்பனிகள் அப்பட்டியலில் இல்லை. எனவே உலகப் புகழ்பெற்ற பெயரைத் தேடிப் போக முன்னர், உள்நாட்டில் ரூபாவில் பில் தரும் ஒருவரிடம் விலை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

எமது பக்கத்துத் தவறு

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் விட முடியாது. எமது வர்த்தகர்களில் பலர் வருடக்கணக்காகப் பிரதி செய்யப்பட்ட மென்பொருளைச் சில நூறு ரூபாவுக்கு வாங்கிப் பாவித்தவர்கள். அப்போது அனுமதிப்பத்திரத்தை வாசிக்கும் தேவையே எழவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களையும் பாதுகாக்கிறது. பிரதியைப் பாவிப்பது சட்டப்படி தவறு, அடுத்தவரின் உழைப்பை எடுப்பதும் தவறு. வாங்கியவனின் உரிமையைப் பற்றிப் பேச வேண்டுமானால், விற்றவனின் உரிமையை முதலில் நாம் மதித்திருக்க வேண்டும்.

இனி, மாறுவதற்கு முன் முகவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். என்னிடமுள்ள அனுமதிப்பத்திரம் எந்த வகை, அது கணனியோடு கட்டப்பட்டதா? நீங்கள் சொல்லும் கிளவுட்டில் அதனைப் பாவிக்க முடியுமா? முடியாவிட்டால் மென்பொருளுக்கு மட்டும் மாதம் எவ்வளவு, அது டொலரிலா ரூபாவிலா? இன்னொரு கிளவுட்டுக்கு மாறினால் இந்தச் செலவு எவ்வளவாகும்? விலகிப் போக நினைத்தால் எனது தரவுகளை எந்த வடிவில் தருவீர்கள்? இவற்றுக்கு வாய்ப் பேச்சில் பதில் போதாது. எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்குபவரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம்.

கணக்கு மென்பொருளைப் புதிதாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்கலாம். இது லினக்ஸிலும் போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்த தரவுத்தளத்திலும் ஓடுமா? அவ்வாறான தரவுத்தளத்துக்கு அனுமதிப்பத்திரக் கட்டணம் இல்லை, எந்தக் கட்டடத்தில் வைக்கலாம் என்ற தடையும் இல்லை. பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்குச் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவு எமது பிள்ளைகளின் சம்பளமாக நாட்டுக்குள்ளேயே இருக்கும்.

எமது ஊர்களில் வர்த்தக சங்கங்கள் உள்ளன. இருபது கடைக்காரர்கள் தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காத பதில், சங்கத்தின் கடிதத்துக்குக் கிடைக்கும். முகவர்கள் தரும் விலை மனுவில் மென்பொருள் செலவைத் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று சங்கங்கள் ஒன்றுசேர்ந்து கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நண்பரின் கதைக்கு வருவோம். கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னர், அவர் கிளவுட் கணனியை நிறுத்தினார். பழைய சேவரைத் திருத்தி, நல்ல பெட்டரி ஒன்றை மாட்டி, 2018 இல் வாங்கிய மென்பொருளையே தொடர்ந்து பாவிக்கிறார். ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது கணக்கின் பிரதி ஒன்று மட்டும் கிளவுட்டுக்குப் போகிறது. வெறும் கோப்பைச் சேமித்து வைக்க அந்த மென்பொருளின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. மாதச் செலவு முன்னைய பில்லில் ஒரு சிறு பங்குதான்.

அந்தச் சேவர் ஒருநாள் திருத்த முடியாத நிலைக்கு வரும், அப்போது அவர் மீண்டும் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அந்நேரம் என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்கு இப்போது தெரியும். அவர் பில்லைப் பார்த்த பின் கற்றதை, எமது ஏனைய வர்த்தகர்கள் கையொப்பமிட முன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.